தேய்ந்துபோன ஸ்டீயரிங் தோலைச் சரிசெய்வது எப்படி: முதல் முறை இறங்குபவர்களுக்கு

பழைய காரில் சீட், டேஷ்போர்டு எல்லாம் ஓரளவு நன்றாகவே இருக்கும். தினமும் கை படுகிற ஸ்டீயரிங் மட்டும் தனியாக வயதாகியிருக்கும். மேல்பாதி பளபளவென்று வழுக்கும், கட்டைவிரல் படும் இடத்தில் நிறம் போயிருக்கும், இன்னும் மோசமென்றால் தோல் நார்நாராக எழும்பி உள்ளங்கையில் உறுத்தும்.

இதை நானே சரிசெய்யலாம் என்று இறங்கியபோது வேலையைவிடக் குறிப்புகள்தான் என்னைப் பாடாய்ப்படுத்தின. எண்ணெய் தடவினால் போதும் என்பார் ஒருவர். எண்ணெய் பட்டால் பெயிண்டே நிற்காது என்பார் அடுத்தவர். ஸ்டீயரிங் வீலைக் கழற்றாமல் செய்யவே முடியாது என்பார் ஒருவர். ஏர்பேக் பக்கமே போகாதே என்பார் இன்னொருவர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகைத் தேய்மானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது பிடிபடவே வெகுநாள் ஆனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீலை நன்றாகக் கழுவிப் பார்க்கும்வரை பெயிண்ட், உறை, கிட் எதையும் வாங்காதீர்கள். தேய்மானம் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வெறும் அழுக்கு. அது எவ்வளவு பகுதி என்பது கழுவிய பிறகுதான் தெரியும்.

1. அது தோல்தானா என்று பாருங்கள்

ஸ்டீயரிங்கின் உள்வளையத்தைச் சுற்றி நிஜமான நூல் தையல் ஓடுகிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். தையல் போலவே அச்சில் வார்த்த கோடுகள் சில வண்டிகளில் இருக்கும். அவற்றில் நகம் அடியில் நுழையாது. தையலே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருந்தால் அது பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை வீல், தோல் கிடையாது.

தையல் இருந்தாலும் அது ரெக்சினாக இருக்கலாம். தேய்ந்த இடத்தைக் கவனியுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலம் போலச் செதில் செதிலாக உரிந்து, அடியில் துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். நார் எழும்பி, மெல்லிய வெல்வெட் போல இருந்தால் தோல். சந்தேகமிருந்தால் நிறம் போன இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தோலென்றால் சிறிது நேரத்தில் உறிஞ்சி, அந்த இடம் கறுக்கும்.

ரெக்சின் உரிய ஆரம்பித்துவிட்டால் அதன்மேல் பூசுவது வீண். இன்று நன்றாக இருக்கும். அடியில் இருக்கிற படலம் உரியும்போது உங்கள் பூச்சையும் சேர்த்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட வீல் இருப்பவர்கள் 4-ஆம் படியில் சொல்லும் புது உறைக்கு நேராகப் போய்விடலாம்.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். வீலில் சூடேற்றும் வசதி இருந்தால் தோலுக்கு அடியிலேயே அதன் கம்பிப் பாய் ஓடும். கை பிடித்திருக்கிறதா என்று உணரும் சென்சாரும் சில வண்டிகளில் அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட வீலில் மேற்பூச்சு வேலை செய்யலாம். தோலை உரித்துத் தைக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

2. வேண்டிய தாள்களைக் கையில் எடுத்து வையுங்கள்

ஒரு ஸ்டீயரிங்குக்கு என்ன ஆவணம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பாதி வேலையில் நின்று தேட வேண்டியிருக்கும் சமாச்சாரங்கள் இவை:

- ரேடியோ கோடு (code), அதாவது பூட்டிக்கொண்ட ரேடியோவைத் திறக்கும் எண். பல பழைய கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ரேடியோ பூட்டிக்கொண்டு கோடு கேட்கும். வண்டியோடு வந்த கையேட்டுப் பையில் ஒரு சிறிய அட்டையில் அது இருக்கும். இரண்டாம் கையாக வாங்கியவர்களிடம் பெரும்பாலும் அந்த அட்டை இருக்காது. கோடு கிடைக்கும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள்.
- சர்வீஸ் கையேட்டில் உங்கள் மாடலுக்கான ஸ்டீயரிங், ஏர்பேக் பக்கங்கள். பேட்டரியைக் கழற்றியபின் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், வீலைத் தண்டோடு பிடித்திருக்கும் நடு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், பழைய போல்ட்டையே மறுபடி போடலாமா என்ற மூன்று விவரங்கள் அதில் வேண்டும். இவை வண்டிக்கு வண்டி மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குச் சரியான எண் உங்கள் காருக்குச் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.
- உட்புற நிறக் கோடு, அதாவது உட்புற நிறத்தின் குறியீட்டு எண். கதவுத்தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். அதே தகட்டில் வெளிப்புற பெயிண்ட் கோடும் இருப்பதால் நிறமி வாங்கும்போது பலரும் அதையே எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.
- காப்பீடு, குத்தகை ஒப்பந்தம். அதே வீலுக்கு நிறம் பூசுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. வேறு வீல் மாற்றுவதாக இருந்தால், அதிலும் ஏர்பேக் இல்லாத அலங்கார வீல் போடும் எண்ணம் இருந்தால், உங்கள் ஊர்ச் சட்டமும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்புமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவற்றோடு வீலை எல்லாக் கோணத்திலும் படமெடுத்து வையுங்கள். தையல் எங்கே தொடங்குகிறது, தோலின் இணைப்புகள் எங்கே வருகின்றன என்பதைப் படம்தான் பிறகு சொல்லும்.

3. கழுவுங்கள், இந்த வேலையின் பாதி இதுதான்

காரில் வரும் தோலில் பெரும்பாலானவை நிறமிப் பூச்சு பூசி, அதன்மேல் காப்புப் பூச்சும் ஏற்றியவை. நம் கை தொடுவது தோலை அன்று, அந்தப் பூச்சைத்தான். கையின் எண்ணெய், வியர்வை, சன்ஸ்கிரீன், கிரீம் எல்லாம் சேர்ந்து அதன்மேல் ஒரு படிவம் கட்டுகிறது. புது வீல் மங்கலாக, பளபளப்பில்லாமல் மேட்டாகத்தான் (matte) இருக்கும். உங்கள் வீல் பளபளத்தால் அது இந்தப் படிவத்தின் பளபளப்பாகவோ, தேய்ந்து வழவழப்பான பூச்சாகவோ இருக்கும்.

தோலுக்கென்றே விற்கும் மிதமான கிளீனர், மென்மையான பிரஷ், வெளிர் நிற மைக்ரோஃபைபர் துணிகள் சில போதும். துணி வெளிர் நிறமாக இருந்தால்தான் வருவது அழுக்கா நிறமா என்று தெரியும். கிளீனரை வீலில் தெளிக்காதீர்கள். பிரஷில் விட்டு நுரைக்க வைத்துத் தேயுங்கள். நேராகத் தெளித்தால் பட்டன்களுக்குள்ளும் ஹார்ன் இடுக்கிலும் இறங்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதியாக எடுத்து, தேய்த்து, அழுக்கு காய்வதற்குள் துடைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். தையல் ஓரத்துக்குப் பழைய பல் பிரஷ் நன்றாக வேலை செய்யும்.

முதல் துணியில் வருவதைப் பார்த்தால் இவ்வளவு நாள் அதைப் பிடித்துக்கொண்டா ஓட்டினோம் என்றிருக்கும். துணியில் பழுப்பு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாம் சுற்றிலேயே அலுத்துவிடும். அங்கே நிறுத்துபவர்களின் பூச்சுதான் சில மாதத்தில் உரிகிறது.

பிறகு வீலை நன்றாகக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பு போய் மேட்டாகி, நிறமும் பெரும்பாலும் சீராக இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுங்கள். செலவு ஒரு பாட்டில் கிளீனர்.

பயன்படுத்தக் கூடாதவை: அசிட்டோன், தின்னர், பாத்ரூம் கிளீனர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். அசிட்டோன் பூச்சைக் கரைப்பதோடு பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். கழுவிய கையோடு கண்டிஷனரோ எண்ணெயோ பூசவும் கூடாது. நிறம் பூசும் எண்ணம் இருந்தால் கூடவே கூடாது. எண்ணெய் தடவு, தடவாதே என்ற சண்டைக்கு விடை இதுதான்: நிறம் பூசப்போகிறவர் தடவக் கூடாது.

4. நிறம் பூசலா, புதுத் தோலா, வேறு வீலா

கழுவிக் காய்ந்த வீலை விரலால் அழுத்தித் தடவி முடிவெடுங்கள்.

நிறம் மட்டும் போயிருக்கிறது, மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு, தோல் உறுதியாக இருக்கிறது என்றால் நிறம் பூசுங்கள். இதுதான் ஆகக் குறைந்த செலவு. ஒரு சனி, ஞாயிறு போதும். அதில் உங்கள் கை வேலை சில மணி நேரம், மிச்சம் காயும் நேரம்.

தோல் கிழிந்திருக்கிறது, வளையத்தைவிட்டுப் பை போலத் தளர்ந்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்கிறது, அல்லது ரெக்சின் உரிகிறது என்றால் புது உறை தைக்க வேண்டும். நீங்களே தைத்தால் கிட்டின் விலையும் ஒரு முழு நாளும். கடையில் கொடுத்தால் தோலைவிடக் கூலிதான் அதிகம், ஏனென்றால் எல்லாமே கைத்தையல்.

மூன்றாவது வழி, பழைய உதிரிபாகக் கடையில் நல்ல நிலையில் இருக்கும் அதே வீல். சில சமயம் இதுவே மலிவாக முடியும். ஏர்பேக்கை மட்டும் உங்களுடையதையே மாற்றிப் பொருத்திக்கொள்ளுங்கள். விபத்தான வண்டியிலிருந்து வந்த ஏர்பேக்கின் வரலாறு யாருக்கும் தெரியாது. ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு, வகைக்கு வகை வீல் மாறும் என்பதால் பின்பக்கத்து பாக எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

மேலே மாட்டும் ரெடிமேட் உறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சரியான அளவில் இல்லாவிட்டால் திருப்பத்தில் உறை ஒரு பக்கம் சுழலும், வீல் ஒரு பக்கம் நிற்கும்.

5. வீலைக் கழற்ற வேண்டுமா?

நிறம் பூசக் கழற்ற வேண்டியதில்லை. சக்கரங்களை நேராக வைத்து, மீட்டர், லிவர்கள், ஏர்பேக் மூடி, பட்டன்கள், சீட் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பாலும் பிளாஸ்டிக் தாளாலும் மூடிவிட்டால் வண்டியிலேயே செய்யலாம். வீலின் பின்பக்கம் எட்டுவது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்.

தைக்கக் கழற்றினால்தான் வசதி. அதற்கு ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். இதில் தயக்கம் இருந்தால் கழற்றவும் மாட்டவும் மட்டும் ஒரு மெக்கானிக்கிடம் கொடுங்கள், வெட்கப்பட எதுவுமில்லை. நீங்களே செய்வதாக இருந்தால் இந்த வரிசை மாறக் கூடாது:

1. சக்கரங்களை நேராக நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள்.
2. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தானாகப் போய்ப் படாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள்.
3. கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏர்பேக் கருவியில் சேமித்திருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். சில வண்டிகளுக்குச் சில நிமிடம், சிலவற்றுக்கு அரை மணி.
4. ஏர்பேக்கை விடுவித்து இணைப்பைக் கழற்றுங்கள். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அந்த முனைகளில் மல்டிமீட்டர் வைத்து எதையும் அளக்காதீர்கள். மீட்டரின் சிறு மின்னோட்டமே வெடிக்க வைக்கலாம்.
5. ஏர்பேக்கைத் தூக்கும்போது மூடிப்பக்கம் உங்கள் உடம்புக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். கீழே வைக்கும்போது மூடிப்பக்கம் மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தால், தவறி வெடிக்கும்போது மொத்தமும் ராக்கெட்டாகக் கிளம்பும். வெயிலிலோ குழந்தைகள் நடமாடும் இடத்திலோ வைக்காதீர்கள்.
6. நடு போல்ட்டைக் கழற்றும் முன் தண்டிலும் வீலிலும் நேர்க்கோடாக ஒரு குறி போடுங்கள். போல்ட்டை முழுவதும் எடுக்காமல் சில மரை மிச்சம் வைத்து வீலை ஆட்டி இழுங்கள். சட்டென்று விடுபட்டால் முகத்தில் வந்து அடிக்காமல் போல்ட் தடுக்கும்.
7. வீலை எடுத்ததும் பின்னால் தெரியும் கிளாக் ஸ்பிரிங்கை டேப் போட்டு அசையாமல் ஒட்டுங்கள். அதற்குள் ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா இருக்கிறது. நடுநிலை தவறி மாட்டினால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடும். பிறகு ஹார்ன் அடிக்காது, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் அணையாது.

ஏர்பேக் கழன்றிருக்கும்போது சாவியைப் போட்டுத் திருப்பினால் பிழைக் குறியீடு பதிவாகி விளக்கு எரியத் தொடங்கும். அதை அழிக்க ஸ்கேனர் வேண்டும், அது தனிச் செலவு. ஆகவே எல்லாம் மாட்டி முடிக்கும்வரை பேட்டரி கழன்றே இருக்கட்டும். ஏர்பேக்குக்கு முந்தைய காலத்து வண்டி உங்களுடையது என்றால் இந்தக் கவலையில் பெரும்பகுதி இல்லை. ஹார்ன் மூடியை எடுத்தால் நட்டு.

கடைசியாக ஒன்று. ஏர்பேக் மூடியின் உட்புறத்தில் வெடிக்கும்போது பிளப்பதற்கென்றே மெலிந்த கோடு வைத்திருப்பார்கள். மூடியைத் தோலால் போர்த்துவதோ, பசை தடவுவதோ, கனமாகப் பெயிண்ட் ஏற்றுவதோ வேண்டாம். அழகாக இருக்கும் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

6. நிறம் பூச வாங்க வேண்டியவை

தண்ணீர் அடிப்படையிலான தோல் நிறமி, லெதர் பைண்டர் (எழும்பிய நாரை இறுக்கும் திரவம்), நெகிழும் தன்மையுள்ள லெதர் ஃபில்லர் (வெடிப்பை அடைக்கும் பட்டி), மேட் டாப் கோட் (நிறத்தைக் காக்கும் மேற்பூச்சு), அதற்கான கிராஸ்லிங்கர் (டாப் கோட்டில் கலந்து அதை உறுதியாக்கும் திரவம்). எண்ணெய் எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 400, 600 எண் உப்புத்தாள்கள். சிறு ஸ்பாஞ்ச் துண்டுகள், நைட்ரைல் கையுறை, மாஸ்கிங் டேப், ஹேர் டிரையர்.

முதல் ஐந்தையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். ஒருவருடைய நிறத்தின்மேல் இன்னொருவருடைய டாப் கோட் ஒட்டும் என்று உறுதி இல்லை. ஒரு வீலுக்கு வேண்டிய நிறமி மிகக் கொஞ்சம், ஆகவே சிறிய பாட்டிலே போதும். சீட்டுக்கும் சேர்த்து விற்கும் பெரிய கிட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

ஷூ பாலிஷ் வாங்காதீர்கள். அது மெழுகும் சாயமும். கை வியர்த்ததும் உள்ளங்கைக்கும் சட்டைக்கும் மாறிவிடும்.

7. எண்ணெய் எடுத்தல், தேய்த்தல், பட்டி

ஆல்கஹாலைத் துணியில் நனைத்து வீலைத் துடையுங்கள். இப்போது துணியில் கொஞ்சம் நிறமும் வரும். பழைய பூச்சு இளகுகிறது என்று பொருள், பயப்பட வேண்டாம். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். முடிந்ததும் வெவ்வேறு இடங்களில் தண்ணீரைச் சொட்டாக வையுங்கள். எங்காவது முத்து முத்தாக உருண்டு நின்றால் அங்கே இன்னும் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ இருக்கிறது. பழைய உரிமையாளர் டேஷ்போர்டு பாலிஷை வீலுக்கும் அடித்துவைத்திருந்தால் இந்தப் படியிலேயே வெகுநேரம் போகும்.

அடுத்து, தையலின்மேல் மெல்லிய டேப் ஒட்டிவிட்டு 400-ஆல் சொரசொரப்பான இடங்களை லேசாகத் தேயுங்கள். நார் அடங்கி, பழைய பூச்சின் விளிம்பு விரலுக்குத் தட்டாத அளவு வரவேண்டும். நன்றாக இருக்கும் இடங்களை 600-ஆல் மங்கலாக்கினால் மட்டும் போதும். தோலின் ரேகைகள் மறையும்வரை தேய்த்துவிட்டால் அந்த இடம் கடைசிவரை வழுக்கையாகவே தெரியும்.

நார் எழும்பிய இடங்களில் பைண்டரை ஸ்பாஞ்சால் ஊற ஊறத் தடவிக் காயவிடுங்கள். உறிஞ்சுவதை நிறுத்தும்வரை திரும்பச் செய்து, 600-ஆல் ஒருமுறை லேசாக இழுங்கள். சிறு வெடிப்புகளுக்கு இதற்குப் பிறகுதான் ஃபில்லர். சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோலவே இதையும் மெல்லிய படலமாக இழுத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி இழுக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, பிறகு குழி விழும். தோலின் ஓரம் தூக்கியிருந்தால் நெகிழும் வகைக் கான்டாக்ட் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ கல்லாக இறுகி, ஓரத்தை முறித்துவிடும்.

துளையிட்ட தோலென்றால் ஃபில்லர் பக்கமே போகாதீர்கள். துளைகள் அடைத்துக்கொள்ளும்.

8. நிறம்

கறுப்பு வீலுக்குக் கறுப்பு வாங்கினால் போதும் என்பதுதான் இந்த வேலையில் மிகப் பரவலான ஏமாற்றம். கார்களின் கறுப்பு பெரும்பாலும் கரிச்சாம்பல். சிலவற்றில் நீலமோ பழுப்போ ஒரு துளி கலந்திருக்கும். சுத்தக் கறுப்பைப் பூசினால் வீல் மட்டும் டேஷ்போர்டிலிருந்து பிரிந்து நிற்கும்.

ஒப்பிட, கை படாத இடத்தைப் பிடியுங்கள்: வளையத்தின் அடிப்பாகத்துப் பின்புறம், ஸ்போக்கை (வளையத்தை நடுவோடு இணைக்கும் கை) ஒட்டிய மூலை. நிறக் கோடு கொடுத்து வாங்கிய நிறமியாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையரால் காய வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இவ்வகை நிறமிகள் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் அடர்த்தியாகும். ஈரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் கறுப்பு அதிகமாகிவிடும். வெள்ளையோ சாம்பலோ கலக்க வேண்டுமென்றால் துளித்துளியாகச் சேருங்கள். எத்தனை துளி என்று எழுதி வையுங்கள். முழு வீலுக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது.

வெள்ளை, சிவப்பு என்று மாறுபட்ட நிறத்தில் தையல் இருந்தால் முன்கூட்டியே முடிவெடுங்கள். டேப் ஒட்டி, ஓரத்தை நுண்ணிய தூரிகையால் செய்யலாம், பொறுமை வேண்டும். நூலில் நிறம் ஊறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

பூசும்போது ஸ்பாஞ்சின் நுனியில் கொஞ்சமாக எடுத்து, ஒத்தி ஒத்தி வையுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே சகிக்காமல் இருக்கும். அதைச் சரிசெய்யலாம் என்று மேலே இன்னும் அப்பாதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஏர்பேக் மூடியிலிருந்து விலக்கிப் பிடித்துக் காய வையுங்கள். காய்ந்ததும் ஓர் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். நிறம் டேப்போடு வந்தால் எண்ணெய் மிச்சமிருக்கிறது. ஆல்கஹாலால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு 7-ஆம் படிக்குத் திரும்புங்கள். இப்போது திரும்புவது மலிவு.

டேப் சுத்தமாக வந்தால் அடுத்தடுத்த பூச்சுகள். நான்கிலிருந்து ஆறு மெல்லிய பூச்சுகளில் நிறம் மூடிவிடும். ஒவ்வொன்றும் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே அடுத்தது. கடைசிப் பூச்சை ஸ்பாஞ்சால் ஒரே திசையில் இழுக்காமல் ஒத்தியே முடியுங்கள், கோடு விழாது. ஏர்பிரஷ் இருந்தால் இன்னும் சீராக வரும், ஆனால் மூட வேண்டிய இடம் மும்மடங்காகும். ஒரு வீலுக்காக வாங்கத் தேவையில்லை.

9. டாப் கோட், காயும் காலம்

நிறத்தைக் காப்பது டாப் கோட்தான். கை விடாமல் உரசும் இடம் என்பதால் ஸ்டீயரிங்குக்குக் கிராஸ்லிங்கர் சேர்ந்த டாப் கோட்டே வேண்டும். பாட்டிலில் சொல்லும் அளவுக்கே கலந்து, கையுறை போட்டு, காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள். கலந்தது சில மணி நேரத்தில் வீணாகிவிடும். வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

மேட் வகையை வாங்குங்கள். பளபளக்கும் கிளாஸ் (gloss) வகையைப் பூசினால் மலிவான பிளாஸ்டிக் போலத் தெரிவதோடு, வீல் கையில் வழுக்கும். இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சு போதும்.

தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே இறுகியிருக்காது. குறைந்தது 24 மணி நேரம் வண்டியை எடுக்காதீர்கள். அடுத்த ஒரு வாரம் ஈரத்துணி, கிளீனர், கிரீம் எதுவும் படக் கூடாது. குளிரிலும் மழை ஈரத்திலும் இந்தக் காலம் நீளும். திங்கட்கிழமை வேலைக்கு வண்டி வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையிலேயே பூசத் தொடங்குங்கள். கழுவும் வேலையை வெள்ளி மாலையே முடித்துவிடுங்கள்.

10. புதுத் தோல் தைப்பதென்றால்

உங்கள் மாடலுக்கென்று வெட்டி, ஓரத்தில் தையல் ஓட்டி வரும் கிட்டை வாங்குங்கள். ஊசி தோலைத் துளைக்காமல் அந்தத் தையல் கண்ணிகளுக்குள்ளேயே போய் வரும் என்பதால் முதல் முறை செய்பவருக்கும் வரிசை பிசகாது. வாங்கும் முன் விற்பவருக்கு உங்கள் வீலின் படத்தை அனுப்பி, ஸ்போக் எண்ணிக்கை, கட்டைவிரல் மேடு, வளையத்தின் வெளி விட்டம், பிடியின் சுற்றளவு எல்லாம் பொருந்துகிறதா என்று கேளுங்கள். தோல் 1 மி.மீ.-ஐ ஒட்டிய கனத்தில் இருந்தால் நல்லது. அதைவிடக் கனமானால் ஸ்போக் இடுக்கில் மடிப்பு அடங்காது.

பழைய தோலைத் தையலில் மட்டும் வெட்டி, கிழிக்காமல் உரித்து எடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, எது மேல்பக்கம் என்று அம்புக்குறி இட்டு வையுங்கள். அடியிலிருக்கும் நுரையில் குழி இருந்தால் அடைத்து மட்டம் பண்ணுங்கள். இல்லாவிட்டால் அதே குழி புதுத் தோலிலும் தெரியும். பழைய பசையைச் சுரண்டி எடுக்கவும் வேண்டும்.

புதுத் தோல் கொஞ்சம் சிறியதாகவே இருக்கும். அளவு தவறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இழுத்துத் தைக்கும்போது விறைப்பாக நிற்க வேண்டும் என்றுதான் அப்படி வெட்டுகிறார்கள். முதலில் பசையில்லாமல் மொத்தமாகப் போர்த்திப் பாருங்கள். இணைப்புத் தையல்கள் பழைய இடத்திலேயே வருகின்றனவா என்று படத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு ஸ்போக் ஓரங்களிலிருந்து தைக்கத் தொடங்குங்கள். பசை ஸ்போக் இடுக்குகளுக்கு மட்டும் போதும்: இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் உள்ளே தள்ளுங்கள்.

நூல் மெழுகு ஏற்றிய பாலியெஸ்டர். இரண்டு ஊசி, குறுக்குத் தையல். ஒவ்வொரு கண்ணியையும் ஒரே விசையில் இறுக்குவதுதான் சாமர்த்தியம். சில கண்ணிகளுக்கு ஒருமுறை நின்று, பின்னாலிருந்து வரிசையாக இறுக்கி வந்தால் தளர்வு தெரியாது. விரல் நிச்சயம் வலிக்கும். விரல் மடிப்புகளில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முடிச்சு ஸ்போக் மூடிக்கு உள்ளே மறையட்டும். எஞ்சிய சிறு சுருக்கங்கள் ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் இறுகிவிடும்.

11. கடையில் கொடுப்பதென்றால்

மூன்றே கேள்வி. என் வீலையே திருப்பித் தருவீர்களா, அல்லது மாற்று வீலா? என்ன தோல், என்ன கனம், எந்தத் தையல்? ஏர்பேக்கைக் கழற்றி மாட்டுவது கூலியில் சேர்த்தியா? பதில்களை ரசீதில் எழுதி வாங்குங்கள். வீலை மட்டும் அனுப்புவதாக இருந்தால் ஏர்பேக்கை வீட்டிலேயே வையுங்கள். அது ஆபத்தான பொருள் வகையில் வருவதால் சாதாரணப் பார்சலில் அனுப்பக் கூடாது. வீல் இல்லாத நாட்களில் வண்டி எங்கே நிற்கப்போகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

12. அதற்குப் பிறகு

சானிட்டைசர் போட்ட கையோடு வீலைப் பிடிக்காதீர்கள். முழுவதும் உலர்ந்த பிறகு பிடியுங்கள். ஆல்கஹால் பழைய பூச்சை எப்படி இளக்கியது என்று 7-ஆம் படியில் பார்த்தீர்கள். புதுப் பூச்சுக்கும் அதற்கும் ஆகாது. மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் படிவம் கட்டாது. வெயிலில் நிறுத்தும்போது கண்ணாடிக்குத் திரை போடுங்கள். மெழுகு, சிலிக்கான், பளபளப்பு தரும் எந்தப் பாலிஷும் ஸ்டீயரிங்குக்கு வேண்டாம்.

மிஞ்சிய நிறமியைக் கொட்டிவிடாதீர்கள். கலந்த விகிதத்தையும் தேதியையும் பாட்டிலில் எழுதி, இறுக மூடி, உறையாத இடத்தில் வையுங்கள். கட்டைவிரல் படும் இடம்தான் முதலில் மறுபடி வெளுக்கும். அப்போது அந்த இடத்தை மட்டும் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு பூச்சும் ஒரு டாப் கோட்டும் ஒத்தினால் போதும்.